அத்திமப்பேயின் ஆயிரம் படிகளும் எல்லைத் தமிழரின் இணையத் தளமும்

மலர்க் குழுவினர் வழக்கம்போல் இந்த ஆண்டும் என்னிடம் ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்டார்கள். சேரர் காலத்துச் சுரங்கப் பாதை, பாலக்காட்டுக் கணவாய் வணிகம் என்று பல ஆண்டுகளாக எழுதிவிட்டேன். இந்தத் தடவை பெரிய நிறுவனங்களின் இணையத் தளங்கள் எப்படிக் கட்டப்படுகின்றன, அந்தக் கலை எப்படி வளர்ந்தது என்று எழுதப் போகிறேன் என்றதும் குழுவில் ஒருவர், "நயினார், நீங்க ஏலக்காய் வியாபாரி, உங்களுக்கு எதுக்கு இது?" என்று சிரித்துவிட்டார். சிரிக்கட்டும். என் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் சங்கத்தின் 1996-ஆம் ஆண்டு மலரில் தோட்டப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லைகள் மாறிய அன்று, தேவிகுளம், பீர்மேடு பக்கத்துத் தோட்ட லயங்களில் இருந்த பெரியவர்கள் என்ன செய்தார்கள், என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியது. அவரும் போய்விட்டார், அவருக்குச் சொன்னவர்களும் போய்விட்டார்கள். அந்த மலரின் மீதிப் படிகளை என் கிடங்கில்தான் வைத்திருந்தோம். குமுளி மழையும் கரையானும் சேர்ந்து தின்றுவிட்டன. தப்பு என்னுடையது. மிளகு மூட்டைக்குக் கட்டை போட்டு அடுக்கத் தெரிந்தவனுக்குப் புத்தகக் கட்டுக்குக் கட்டை போடத் தோன்றவில்லை.

மிஞ்சியது ஒரு பிளாப்பி. அதைத் திறந்தால் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் கொம்பும் கோடுமாக ஏதோ வந்தது. அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன். இப்போது கதைக்கு வருவோம்.

பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் கன்னட நாட்டில் அத்திமப்பே என்றொரு அம்மையார் வாழ்ந்தார். பொன்னன் எழுதிய சாந்தி புராணம் அழிந்துவிடுமோ என்று அஞ்சி, ஆயிரம் ஓலைப் படிகள் எழுதுவித்துத் தானம் செய்தார் என்பது வரலாறு. அவர் எடுப்பித்த ஜினாலயம் லக்குண்டியில் இன்றும் நிற்கிறது. அங்கே உள்ள கல்வெட்டு கி.பி. 1007-ஐச் சேர்ந்தது. எங்கள் சமணத்தில் சாத்திர தானம் என்று ஒன்று உண்டு. சோறு, மருந்து, அடைக்கலம் இவற்றோடு நூலும் தானப் பொருள்தான். சமயத்தைச் சொல்ல வரவில்லை. ஒரு நூலை வாசகன் இருக்கும் ஊருக்கே முன்கூட்டிக் கொண்டுபோய் வைப்பது என்ற யோசனையைத்தான் சொல்ல வருகிறேன். மூலச் சுவடி இருக்கும் மடத்துக்கு ஆயிரம் பேர் நடந்துபோனால் மடமும் தாங்காது, சுவடியும் தாங்காது.

படி எடுப்பதில் ஒரு சங்கடமும் உண்டு. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, கும்பகோணத்துச் சமணர் வீடுகளில் அந்நூலைப் படிக்கும் மரபை அறிந்து அவர்களிடம் பொருள் கேட்டுத் தெளிந்தார். ஏட்டுக்கு ஏடு பாடம் மாறிக் கிடந்ததை ஒப்பிட்டுத்தான் பதிப்பித்தார். படி பெருகினால் பிழையும் பெருகும். எது கடைசிப் பாடம், எது பழைய பாடம் என்று தெரியாமல் போகும். இந்த இரண்டு விஷயங்களையும், அதாவது முன்கூட்டிப் படி எடுத்து வைப்பது, பழைய படியை அடையாளம் கண்டு அகற்றுவது, இவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய தளங்களின் வேகம் எல்லாம் இதற்குள்தான் அடங்கியிருக்கிறது என்பது என் முடிவு.

உலகின் முதல் இணையத் தளம் 1991-இல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கியது. அந்தக் காலத்துப் பக்கங்கள் கையால் எழுதியவை. ஒரு பக்கம் என்றால் ஒரு கோப்பு. கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். தமிழில் அந்த முறையில் எழுந்த மிகப் பெரிய முயற்சி மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் தொடங்கி வைத்தார். பல நாட்டுத் தமிழர்கள் சங்க நூல்களையும் பிற்கால நூல்களையும் தட்டச்சு செய்து, இன்னொருவர் பிழை பார்த்து, எண் கொடுத்து வெளியிட்டார்கள். அலங்காரம் கிடையாது. ஆனால் எந்தப் பழைய கணினியிலும் சட்டென்று திறக்கும். இன்றைக்குக் கோடிக் கணக்கில் செலவழித்துக் கட்டும் சில தளங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த எளிமை மேல் மதிப்பு கூடத்தான் செய்கிறது.

ஆனால் நாளுக்கு நாள் செய்தி மாறும் இடத்துக்கு அது சரிப்படாது. ஆயிரம் பக்கங்கள் உள்ள ஒரு பல்கலைக்கழகம், தலைப்பில் உள்ள தொலைபேசி எண்ணை மாற்ற வேண்டுமானால் ஆயிரம் கோப்புகளைத் திறக்க வேண்டும். அதற்காகத்தான் உள்ளடக்க மேலாண்மை அமைப்பு வந்தது. சுருக்கமாக சி.எம்.எஸ். என்பார்கள். கடைக்காரன் பாஷையில் சொல்கிறேன். எழுத்தெல்லாம் பேரேட்டில் இருக்கும், அதுதான் தரவுத்தளம். பில் புத்தகத்தின் அச்சு தனியாக இருக்கும், அதுதான் வார்ப்புரு. வாசகர் கேட்கும்போது பேரேட்டிலிருந்து எடுத்து அச்சில் நிரப்பிக் கொடுக்கிறது நிரல். கட்டுரை எழுதுகிறவருக்கு நிரல் தெரிய வேண்டியதில்லை. அச்சை மாற்றுகிறவருக்குக் கட்டுரையைத் தொட வேண்டியதில்லை. யார் எழுதலாம், யார் சரிபார்க்கலாம், யார் வெளியிடலாம் என்று சாவியும் ஆளாளுக்குத் தனி.

பெல்ஜியத்துக்காரர் டிரீஸ் பொய்தார்ட் 2001-இல் துருபலை வெளியிட்டார். 2002-இல் விக்கிப்பீடியாவுக்கென்றே ஒரு நிரல் வந்தது. அதன் பெயர் பிற்பாடு மீடியாவிக்கி ஆயிற்று. 2003 மே 27-இல் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் வேர்டுபிரஸ்ஸைக் கொடுத்தார்கள். முல்லன்வெக்குக்கு அப்போது 19 வயது. எல்லாமே இலவசம், மூல நிரலும் திறந்தது. பெரிய நிறுவனங்கள் இவற்றை முதலில் பொழுதுபோக்குச் சரக்காகத்தான் பார்த்தன. 2009 அக்டோபரில் அமெரிக்க வெள்ளை மாளிகைத் தளம் துருபலுக்கு மாறியது. 2023-இல் நாசாவின் தளம் வேர்டுபிரஸ்ஸுக்கு வந்தது.

இதில் ஒரு விலை உண்டு. கோப்பை எடுத்துக் கொடுப்பது ஒரு வேலை. பேரேட்டைப் புரட்டி, தலைப்பைத் தேடி, படத்தைத் தேடி, தொடர்புள்ள கட்டுரைகளைத் தேடி, அச்சில் நிரப்பிக் கொடுப்பது நூறு வேலை. பத்து பேர் கேட்டால் பரவாயில்லை. பத்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்டால் கணக்குப்பிள்ளை மயங்கி விழுவான்.

எங்கள் சங்கத்துக்கே இது நடந்தது. ஒரு நிறுவனத்தாரிடம் பணம் கொடுத்துத் தளம் செய்தோம். பார்க்க லட்சணமாக இருந்தது. பொங்கல் அன்று மலர் வெளியீட்டுப் படங்களை ஏற்றி, எல்லாக் குடும்பங்களுக்கும் வாட்ஸ்அப்பில் சுட்டி அனுப்பினோம். பத்து நிமிஷத்தில் வெள்ளைத் திரை. தரவுத்தளத்தோடு தொடர்பு கிடைக்கவில்லை என்று ஒரு வரி. நம் சங்கம் பெரிய நிறுவனம் ஒன்றும் இல்லை, அறுநூறு குடும்பம்தான். கேட்டதற்கு, "பெரிய சர்வர் வாங்குங்க" என்றார்கள். அதைத்தான் நான் ஒப்புக்கொள்ளவில்லை. கடையில் கூட்டம் நெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது, எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்களா என்பது. ஒரே கேள்வி என்றால் விலைப்பலகை எழுதி வாசலில் மாட்டினால் போதும், இன்னொரு கணக்குப்பிள்ளை எதற்கு?

அந்த விலைப்பலகைக்குப் பெயர்தான் கேஷ். முதலில் அந்தப் பெயரைக் கேட்டபோது கல்லாப்பெட்டி என்றே நினைத்தேன். ஒருமுறை தயார் செய்த பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு அடுத்தவருக்கும் அதையே கொடுப்பது, அவ்வளவுதான். இதை உலகத்துக்கே செய்துகாட்டியது விக்கிப்பீடியா. தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தோன்றியது. அதே ஆண்டு நவம்பர் முதல் அதைத் தன் கையால் வளர்த்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த, அமீரகத்தில் பணியாற்றிய கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். புலம்பெயர்ந்த ஒருவர் வேலை முடிந்த இராத்திரிகளில் போட்ட அடித்தளம் அது. இன்று ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்டது. கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்கு இயல் விருது தந்தது.

நீங்கள் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையைத் திறக்கும்போது, புகுபதிகை செய்யாத வாசகரானால், பெரும்பாலும் உங்களுக்குக் கிடைப்பது முன்பே தயாரித்து வைத்த படிதான். அந்தப் படிகளை வைக்க உலகத்தில் சில ஊர்களில் கிடங்குகள் வைத்திருக்கிறார்கள். ஆசிய வாசகர்களுக்காக 2018-இல் சிங்கப்பூரிலும் ஒன்று வந்தது. அத்திமப்பே ஊருக்கு ஊர் சுவடி கொடுத்தனுப்பியது என் நினைவுக்கு வந்தது இதைப் படிக்கும்போதுதான். யாராவது கட்டுரையைத் திருத்தினால், அந்தக் கணமே எல்லாக் கிடங்குக்கும், "உன்னிடம் இருக்கும் படி பழசு, தூக்கிப் போடு" என்று ஆணை போகும். அடுத்து வருகிறவருக்குப் புதுப்படி தயாராகும்.

இதிலும் ஒரு விபத்து நடந்திருக்கிறது. 2009 ஜூன் 25-ஆம் தேதி பாடகர் மைக்கேல் ஜாக்சன் இறந்தார். உலகமே அவருடைய கட்டுரையைத் திறந்தது. அதே நேரத்தில் அதைத் திருத்தவும் ஆட்கள் முண்டியடித்தார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பழைய படி அழிந்தது. புதிய படி தயாராவதற்கு முன்பே நூற்றுக் கணக்கான வாசகர் வந்து நிற்க, ஒவ்வொருவருக்காகவும் ஒரு கணினி அதே கட்டுரையை முதலிலிருந்து தயார் செய்ய ஆரம்பித்தது. ஒரே வேலையை நூறு பேர் செய்தார்கள். தளம் தள்ளாடியது. விலைப்பலகையைத் துடைத்த அந்த நிமிஷத்தில் கடையில் இருந்த அத்தனை பேரும் கணக்குப்பிள்ளையைச் சூழ்ந்துகொண்டது மாதிரி. இதற்குப் பிறகு அவர்கள் ஒரு காவல் ஏற்பாடு செய்தார்கள். ஒரு பக்கத்தை ஒருவர் தயார் செய்துகொண்டிருந்தால் மற்றவர் காத்திருக்க வேண்டும், அல்லது கொஞ்சம் பழைய படியை வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்று நிமிஷம் பழைய படி கிடைப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை என்பதை முடிவு செய்ததுதான் இதில் புத்திசாலித்தனம்.

எங்கே நஷ்டம் உண்டு என்பதை எங்கள் ஏலக்காய் சொல்லும்.

இடுக்கி ஏலக்காய்க்கு வண்டன்மேடு பெரிய பெயர். ஏலம் கூவி விற்ற காலத்தில் நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். மாதிரிப் பொட்டலத்தைக் கையில் கொட்டி, மூக்கில் வைத்து, நிறம் பார்த்து, கண் ஜாடையில் விலை ஏற்றுவோம். அப்புறம் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில் மின்னணு ஏலம் வந்தது. இந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்தில் புற்றடி, அந்தப் பக்கம் தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர், இரண்டு ஊரில் கூடம். வியாபாரிகள் திரை முன் உட்கார்ந்து பொத்தானை அமுக்குவது. நடுவில் மலையும் மாநில எல்லையும். 2021-இல் மேகக் கணிமை முறையில் ஏலத்தை இணைத்த பிறகு, புற்றடியில் இருப்பவரும் போடியில் இருப்பவரும் ஒரே நேரத்தில் ஒரே சரக்குக்கு விலை கேட்க முடிந்தது. மாநில எல்லையால் பிரிந்த இரண்டு சந்தை ஒரு திரையில் சேர்ந்ததை நான் ஒரு வரலாற்று நிகழ்ச்சியாகவே கருதுகிறேன். பத்திரிகைகள் அதை வியாபாரப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டன.

இங்கே விலைப்பலகை மாட்ட முடியாது. ஒரு வினாடிக்கு முந்தைய விலை பொய் விலை. போடியில் ஒருவர் ஒரு ரூபாய் ஏற்றியது புற்றடிக்காரர் திரையில் உடனே வராவிட்டால், அவர் கோட்டை விட்டுவிடுவார். ஒரே கணத்தில் இரண்டு பேர் கேட்டால் யார் முந்தினார் என்பதையும் ஒரே ஒரு பேரேடுதான் தீர்மானிக்க வேண்டும். இரண்டு பேரேடு இருந்தால் சண்டைதான். ஆட்கள் எண்ணிக்கை சில பத்துதான், ஆனாலும் லட்சம் பேர் படிக்கும் செய்தித் தளத்தைவிட இது கஷ்டமான கட்டுமானம். படிப்பவர் கூட்டம் ஒரு ஜாதி, எழுதுபவர் கூட்டம் இன்னொரு ஜாதி. இதைப் பிரித்துப் பார்க்காமல் "எங்களுக்கு வேகமான தளம் வேண்டும்" என்று டெண்டர் போடுகிற நிறுவனங்கள் பணத்தை வீணாக்குகின்றன.

இரண்டும் கலந்த இடம் ரயில் முன்பதிவு. தீபாவளிக்கு ஊருக்குப் போகத் தத்கால் எடுத்துப் பார்த்த எந்த வெளிமாநிலத் தமிழருக்கும் இதை விளக்க வேண்டாம். ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் முன்பு நிமிஷத்துக்கு 2,000 டிக்கெட் என்ற அளவில் இருந்தது. 2014 ஆகஸ்டில் வந்த புதிய அமைப்பு 7,200 என்ற திறனோடு தொடங்கியது. 2025 மே 22-ஆம் தேதி ஒரே நிமிஷத்தில் 31,814 டிக்கெட் பதிவானதாக ரயில்வே அமைச்சகம் அறிவித்தது. எப்படி? மாறாத பகுதிகளை வாசகருக்கு அருகில் உள்ள கிடங்குகளிலிருந்து கொடுத்தார்கள். அதோடு மனிதர் போல நடிக்கும் தானியங்கி நிரல்களை வாசலிலேயே தடுத்தார்கள். தத்கால் தொடங்கும் முதல் ஐந்து நிமிஷத்தில் உள்ளே நுழைய முயன்றவற்றில் பாதி வரைக்கும் அந்த நிரல்கள்தானாம். நாம் வரிசையில் நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், பக்கத்தில் நின்றது ஆளே இல்லை.

அரசு அலுவலகங்களின் தளங்களைப் பற்றிக் கொஞ்சம். 1976-இல் ஏற்பட்ட தேசியத் தகவலியல் மையம்தான் மாவட்டங்களுக்குக் கணினியைக் கொண்டுபோனது. முன்பெல்லாம் மாவட்டத்துக்கு ஒரு மாதிரித் தளம். பிறகு பாதுகாப்பு, அளவு கூடும் தன்மை, எல்லோருக்கும் எளிமை என்ற மூன்றையும் பெயரிலேயே வைத்து எஸ்3வாஸ் என்ற பொது அச்சைச் செய்தார்கள். நூற்றுக் கணக்கான மாவட்டத் தளங்கள் ஒரே அச்சில் வந்தன. ஓட்டையை ஓரிடத்தில் அடைத்தால் எல்லா இடத்திலும் அடைபடும். எல்லா மாவட்டமும் ஒரே முகமாக இருக்கிறதே என்று என் பேரன் குறை சொன்னான். பாத்திரக் கடைக்காரனுக்குத் தெரியும், ஒரே அச்சில் வார்த்தால்தான் மூடி பொருந்தும்.

ஆனால் நமக்கு இதில் ஒரு விசேஷ அக்கறை உண்டு. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், இங்குள்ள தமிழ், கன்னடச் சிறுபான்மையோர் தத்தம் மொழியில் அரசுக்கு எழுதலாம், பதிலும் அந்த மொழியிலேயே வர வேண்டும் என்று உரிமை கொடுத்திருக்கிறது. சட்டம் எழுதியபோது மனுவும் தபாலும்தான் இருந்தன. இன்று மனு என்பதே ஒரு படிவப் பக்கம். ஆகவே மொழி என்பது தளம் கட்டி முடித்த பிறகு ஒட்டும் சமாச்சாரம் அல்ல, பேரேட்டில் முதலிலேயே போட வேண்டிய பத்தி. நல்ல சி.எம்.எஸ்.-இல் ஒவ்வொரு பக்கத்துக்கும் அதன் மறுமொழிப் பக்கம் ஜோடியாகக் கட்டியிருக்கும். ஒன்றைத் திருத்தினால் மற்றது பழசாகிவிட்டது என்று ஆசிரியருக்குத் தெரிவிக்கவும் ஏற்பாடு செய்யலாம். அப்படிச் செய்யாத இடங்களில், மேலே பட்டியல் மட்டும் தமிழில் இருக்கும், சொடுக்கினால் உள்ளே வேறு மொழி. சித்தூர் தாலுகாவில் இருக்கும் ஒரு பாட்டிக்கு அது பூட்டிய கதவுதான்.

மலைப்பகுதி வாசகருக்கு எடையும் முக்கியம். தேவிகுளம், உடும்பஞ்சோலைப் பக்கங்களில் வளைவுக்கு வளைவு செல்போன் கோபுரம் விட்டு விட்டுக் கிடைக்கும். ஒருங்குறியில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல்லுக்கு 15 பைட். ஆங்கிலத்தில் அதே பெயருக்கு 5. இதைச் சொல்லித் தமிழ் கனமான மொழி என்று சிலர் பயமுறுத்துவார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பக்கக் கட்டுரை சுமார் ஏழரை ஆயிரம் பைட். கைபேசியில் எடுத்த ஒரு புகைப்படம் முப்பது லட்சம் பைட், அதாவது நானூறு பக்க எழுத்து. எழுத்தைச் சுருக்கி அனுப்பினால் அதிலும் பெரும்பகுதி குறையும். குற்றவாளி மொழி இல்லை, பொன்னாடை போர்த்தும் படங்கள்தான்.

இனி நம் கதை. சங்கச் செயலாளர் மகள் கோயம்புத்தூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறாள். லீவுக்கு வந்தவளிடம் தளத்தையும் பிளாப்பியையும் சேர்த்தே ஒப்படைத்தேன். "நயினார் தாத்தா, ரெண்டு நாள் கொடுங்க" என்றாள்.

தளத்தை அவள் மாற்றவே இல்லை, வேர்டுபிரஸ்தான், அதே வாடகைதான். பக்கங்களின் படிகளை முன்கூட்டித் தயாரித்து வைக்கச் செய்தாள். படங்களை இருபதில் ஒரு பங்காகச் சுருக்கினாள். யாருக்கும் பயன்படாத பதினோரு செருகுநிரல்களைக் கழற்றினாள். அடுத்த மலர் வெளியீட்டின்போது தளம் அசையவில்லை. ஒரு தவறு மட்டும் நடந்தது. ஓர் அஞ்சலிக் குறிப்பில் தேதியைத் திருத்திய பிறகும் பழைய படியே ஒரு நாள் முழுக்க வெளியே போய்க்கொண்டிருந்தது. காலமானவரின் மகன் போன் செய்து வருத்தப்பட்டார். பழைய படியை அகற்றும் ஆணையைப் போட நாங்கள் மறந்திருந்தோம்.

பிளாப்பி விஷயம் அவ்வளவு லேசாக முடியவில்லை. 1996-இல் ஒருங்குறி நம் கைக்கு வரவில்லை. தமிழுக்கு இடம் கொடுத்த அதன் முதல் பதிப்பு 1991-இல் வந்துவிட்டது, ஆனால் அச்சகங்கள் பயன்படுத்தியது ஆங்கில எழுத்துகளின் நாற்காலியில் தமிழை உட்கார வைத்த எழுத்துருக்கள். எந்த நாற்காலியில் எந்த எழுத்து என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடும், இணையக் குழுக்கள் வகுத்த தகுதரமும் இந்தக் குழப்பத்தை ஒழுங்கு செய்யத்தான் முயன்றன. தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. எங்கள் மலரோ அதற்கெல்லாம் முந்தியது. அச்சகம் மூடியாயிற்று, எழுத்துருவின் பெயர் கூட யாருக்கும் நினைவில்லை.

கரையான் விட்டு வைத்த ஒரு கிழிந்த பக்கம் என்னிடம் இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திரையில் உள்ள கிறுக்கலோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு அட்டவணை போட்டோம். கல்வெட்டுப் படிக்கிற மாதிரித்தான். பழைய எழுத்துருவில் 'கெ' என்றால் முதலில் கொம்பு, பிறகு 'க'. கண்ணுக்குத் தெரிகிற வரிசை. ஒருங்குறியில் முதலில் 'க', பிறகுதான் கொம்பு. இதைத் திருப்பிப் போடாவிட்டால் கொம்பெல்லாம் பக்கத்து எழுத்தில் ஏறிவிடும். 'கௌ'வின் பின்பகுதியும் 'ள'வும் ஒன்றுபோல் இருப்பதால் 'கௌரவம்' ஒரு இடத்தில் 'கெளரவம்' ஆகிவிட்டது. ஐந்து நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் இரவு கட்டுரையின் முதல் பத்தி தமிழாக நின்றது. ஆசிரியர் பேசுவதுபோலவே இருந்தது. அந்தப் பெண் அதை வாய்விட்டுப் படித்தாள், நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அதன் பிறகு மற்ற மலர்களையும் எடுத்தோம். மாதிரியாக நூலகம் தளத்தைப் பார்த்தோம். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போன நாட்டில், 2005-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மின்னூலகம் அது. மீடியாவிக்கியின் மேல்தான் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஆவணத்துக்கும் மாறாத எண், ஆசிரியர், ஆண்டு, வகை. சிறுசிறு மலர்களையும் ஊர்ச் சங்க இதழ்களையும் கூட அவர்கள் விடவில்லை. நாங்களும் அதே முறையில் மலருக்கு ஓர் எண், கட்டுரைக்கு ஓர் எண் கொடுத்தோம். எழுத்து ஒருங்குறியில் வெறும் உரையாக ஒரு கோப்பு, பக்கத்தின் நிழற்படம் ஒரு கோப்பு. தளத்தின் அச்சு மாறினாலும், வேர்டுபிரஸ்ஸே போனாலும் அந்தக் கோப்பு தனியாக நிற்கும். முழுத் தொகுதியும் மூன்று ஊரில் மூன்று வீட்டில் இருக்கிறது. ஒன்று குமுளியில் என் வீட்டில், கிடங்கில் இல்லை. இன்னொன்று பாலக்காட்டில் வடக்கந்தறை அருகே, ஜைனிமேட்டுச் சந்திரநாதர் கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில். 1907-இல் குமாரன் ஆசான் 'வீணபூவு' எழுதிய இடம் அந்த ஜைனிமேடு என்பது இங்குள்ள பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது, அது வேறு கட்டுரை. மூன்றாவது கோயம்புத்தூரில் அந்தப் பெண்ணிடம்.

ஆசிரியரின் கட்டுரையில் இன்னும் குறை இருக்கிறது. பிளாப்பியில் கடைசிக் கோப்பு கெட்டுப்போய், பீர்மேட்டுப் பெரியவர் ஒருவர் பேசும் இடத்தில் பாதி வாக்கியத்தோடு நிற்கிறது. மலரில் அது 61-ஆம் பக்கம் முதல் 64 வரை. 1996 மலர், அட்டை பச்சை நிறம், முதுகில் பின் அடித்தது. பரணிலோ பெட்டியிலோ யாரிடமாவது இருந்தால் புத்தகத்தைக் கொடுக்க வேண்டாம், அந்த நாலு பக்கத்தை வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்பினால் போதும். படம் எவ்வளவு கனமாக இருந்தாலும் பரவாயில்லை.